மூன்று முறை விழுந்தவன்

சனிக்கிழமை ஆட்டத்தில் ஒருவன் இன்னொருவனின் தாடையில் தோளால் இடித்தான். சிவப்பு அட்டை. ஞாயிற்றுக்கிழமை வேறொரு மைதானத்தில் வேறொருவன் அதே உயரத்தில், அதே வேகத்தில், வேறொரு தாடையில் இடித்தான். வெறும் பெனால்டி. அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கக்கூட நடுவருக்கு மனம் வரவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு இந்த இரண்டையும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் காது மடல் வரை சூடேறியது.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ரீப்ளே. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சம்பளம் போடுகிறவர் மட்டும் பயன்படுத்தினார். சர்வதேச ரக்பி ஆட்டங்களுக்கு நடுவர்களை அனுப்பும் பிரிவில் அவளுக்கு வேலை. வார இறுதியில் நடந்த ஆட்டங்களிலிருந்து ஆபத்தான டாக்கிள்களை மட்டும் பொறுக்கி எடுத்து, எங்கே இடித்தான், எவ்வளவு வேகம், என்ன தண்டனை கொடுத்தார்கள் என்று எழுதிவைக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தில் அறுநூறு பேர் விழுவதைப் பார்த்திருந்தாள். கனவில்கூட யாராவது நடந்துவந்தால் அவர் எப்போது விழுவார் என்று காத்திருக்கிற அளவுக்குப் போயிருந்தது.

ரக்பியில் பந்து வைத்திருப்பவனைக் கட்டிப்பிடித்து வீழ்த்தலாம். டாக்கிள் என்பது அதைத்தான். அதுதான் ஆட்டமே. ஆனால் தோளுக்கு மேலே போகக் கூடாது. தலையில் தோளால் இடித்தால் சிவப்பு அட்டை, ஆட்டம் முடியும்வரை வெளியே. அவ்வளவு மோசமில்லை என்றால் மஞ்சள், பத்து நிமிடம் வெளியே. அதற்கும் கீழே வெறும் பெனால்டி, பந்து எதிரணிக்குப் போகும், யாரும் வெளியே போக வேண்டாம். இதுவரை யாருக்கும் புரியும். இதற்குப் பிறகுதான் தணிப்பு என்று ஒன்று வருகிறது. பந்துக்காரன் கடைசி நொடியில் திடீரென்று குனிந்துவிட்டால், இடித்தவன் பாவம் என்ன செய்வான், தண்டனையை ஒரு படி இறக்கலாம். இந்த ஒரு ஓட்டை போதும். அதன் வழியாக லாரியே போய்வரும்.

அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தலைமை நடுவரின் அறைக்குப் போனாள். முப்பது வருடம் மைதானத்தில் ஓடிய மனிதர். முன்பற்களுக்கு நடுவே ஒரு சந்து. பேசும்போது காற்று சன்னமாக ஊதும். அதனால் அவருக்குப் பின்னால் எல்லோரும் விசில் என்பார்கள், முன்னால் சார்.

"சார், இது ரெண்டும் ஒண்ணுதானே?"

விசில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். மறுபடி பார்த்தார். "இல்லம்மா. ரெண்டாவது ஆளு குனிஞ்சுட்டான்."

"எங்க சார் குனிஞ்சான்?"

"இதோ, இங்க."

"இது அடி வாங்கினதுக்கு அப்புறம் சார்."

"எப்ப குனிஞ்சா என்ன, குனிஞ்சானா இல்லையா?"

"தாடையில அடி வாங்கினவன் குனியாம என்ன சார் பண்ணுவான்? நிமிர்ந்து சல்யூட் அடிப்பானா?"

"பாத்தியா, குனிஞ்சான்னு நீயே ஒத்துக்கிற" என்று சொல்லி விசில் திருப்தியாகத் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "ஏம்மா, இந்தக் கோபத்தை வியாழக்கிழமைக்கு வச்சுக்கோ. பன்னெண்டு நடுவரும் வராங்க. சனிக்கிழமை போட்டித்தொடர் ஆரம்பம். நல்லா ஒரு பயிற்சி நடத்து. அது ஒழுங்கா நடந்தா வெள்ளிக்கிழமை இதுல கையெழுத்து."

இது என்றது மேசை மேல் கிடந்த ஒரு தாளை. அவளுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதை நிரந்தரமாக்கும் உத்தரவு அந்தத் தாளில் தயாராக இருந்தது. கீழே கையெழுத்துக்கு விட்ட இடம் மட்டும் காலி.

அந்தக் காலி இடத்தைப் பற்றி வீட்டுக்கும் தெரியும். அவள் அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அப்பா சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். இரண்டு பக்கச் சொந்தத்திலும் சேர்த்துக் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். அதை மிதித்துவிட்டு வந்து இவள் செய்கிற வேலை வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை.

"பத்து பேரு ஒருத்தன் மேல விழுறாங்க. அதப் பாக்கறதுக்கு எதுக்குடி டிகிரி?" என்று அன்று இரவு அப்பா கேட்டார். "நம்ம லோடு ஏத்துற இடத்துக்கு வா. தினமும் காட்டுறேன்."

அம்மா கொஞ்சம் முன்யோசனைக்காரி. "சலவைக்கூடத்துல டோக்கன் எழுதுற இடம் ஒண்ணு காலியாகுது. சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். இந்த வெள்ளிக்கிழமை உனக்கு இல்லன்னு ஆயிடுச்சுன்னா திங்கட்கிழமை அங்க."

"அம்மா, நான் புள்ளியியல் படிச்சவ."

"அங்கயும் எண்ணித்தாண்டி ஆகணும். நானூறு விரிப்பு, அறுநூறு தலகாணி உறை."

அந்த நேரத்தில் தம்பி உள்ளே வந்தான். ஒன்பது மணி. போன வாரம் இவள் எட்டே முக்காலுக்கு வந்தபோது, இது வீடா லாட்ஜா என்று கேட்ட அம்மாவின் அதே வாய், "களைச்சுப் போயிருக்கான் பிள்ளை, தண்ணி குடுடி" என்றது.

"அவனுக்கு மட்டும் என்னம்மா தணிப்பு?"

"என்னடி சொல்ற?"

"ஒண்ணுமில்ல. அவன் குனிஞ்சுட்டான் போல" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் கொடுக்காமல் எழுந்து போனாள்.

மறுநாள் காலை அவள் நேராகப் படத்தொகுப்பு அறைக்குப் போனாள். அங்கே இருந்தவரை எல்லோரும் எடிட்டர் அண்ணன் என்பார்கள். ஜன்னல் இல்லாத அறையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்து, உலகத்தில் எதற்கும் ஆச்சரியப்படாத நிலைக்கு வந்துவிட்ட மனிதர்.

"அண்ணே, வியாழக்கிழமைக்கு முப்பது டாக்கிள் வேணும். அதுல ஒரே டாக்கிள் மூணு தடவை வரணும். ஆனா அது ஒண்ணுதான்னு யாருக்கும் தெரியக் கூடாது."

எடிட்டர் அண்ணன் நாற்காலியோடு சுழன்று திரும்பினார். ஆச்சரியப்படவில்லை, ஆனால் முதுகு நிமிர்ந்தது. "விசிலுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாரா?"

"மாட்டினா?"

"வேலை போகும். எனக்குத்தான், உங்களுக்கு இல்ல. நான் சொல்லித்தான் செஞ்சீங்கன்னு சொல்லிடுங்க."

"மழையில ஆடினது ஒண்ணு பழைய கட்டுல கிடக்கு. சேறு பூசி எவன் எந்த அணின்னே தெரியாது. ஒண்ணு நேரா, ஒண்ணு இடவலம் மாத்தி, ஒண்ணு பக்கத்துல இழுத்து வச்சு..." அவருடைய விரல்கள் அதற்குள் விசைப்பலகையில் நகர ஆரம்பித்துவிட்டன. "எதுன்னு காட்டட்டா?"

இங்கேதான் அவளுடைய தலைக்கனம் எட்டிப்பார்த்தது. "வேண்டாம். எனக்கும் தெரிய வேண்டாம். நானும் அவங்களோட உக்காந்து எழுதுறேன். ஒரே டாக்கிளுக்கு ஒரே தீர்ப்பு எழுதறது எப்படின்னு அந்தப் பன்னெண்டு பேரும் பாக்கட்டும்."

"நிச்சயமா?"

"அறுநூறு பாத்திருக்கேண்ணே."

எடிட்டர் அண்ணன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "சரி தங்கச்சி" என்றார். அந்தச் சரியில் ஏதோ ஒன்று இருந்தது. அவளுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

வியாழக்கிழமை பன்னிரண்டு நடுவர்களும் வந்தார்கள். பதினொரு ஆண்கள், ஒரு பெண். அந்த ஒருத்தரை எல்லோரும் மேடம் என்றார்கள். குட்டையான, அதிகம் பேசாத மனுஷி. மைதானத்தில் இரண்டு மடங்கு உயரமானவர்களை ஒரு விரலால் கூப்பிட்டு நிறுத்துகிறவர். ஆளுக்கொரு தாள், ஒரு பென்சில். தாளில் பெயர் எழுத வேண்டும். பக்கத்தில் எட்டிப்பார்க்கக் கூடாது. ஒவ்வொரு டாக்கிளையும் ஒரே முறைதான் காட்டுவார்கள், பத்து நொடிக்குள் சிவப்பு, மஞ்சள், பெனால்டி, மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். விசிலுக்குப் பழைய ஆசை விடவில்லை. "எனக்கும் ஒரு தாள் குடும்மா" என்று முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். ரீப்ளே கடைசி வரிசையில் தன் தாளோடு உட்கார்ந்தாள்.

முப்பது பேர் விழுந்தார்கள். அறையில் பென்சில் கீறும் சத்தமும், அவ்வப்போது முன்வரிசையிலிருந்து "ச்ச்ச்" என்ற ஊதலும். அவளும் எழுதினாள். மூன்று முறை வருவது எது என்று பிடித்துவிட முயன்றாள், முடியவில்லை. பதினொன்றாவதா? இருபத்தொன்றாவதா? எல்லாம் சேறு, எல்லாம் தோள்.

இடைவேளையில் எல்லோரும் தேநீருக்குப் போக, எடிட்டர் அண்ணன் தாள்களை எண்ணிக் கூட்டிவிட்டு நடைபாதைக்கு வந்தார். கையில் ஒரே ஒரு தாள்.

"தங்கச்சி, நாலு, பதினேழு, இருபத்தாறு. அந்த மூணும்தான் ஒண்ணு."

"எப்படிப் போட்டிருக்காங்க?"

"நாலாவதுக்குப் பன்னெண்டுல பதினொண்ணு சிவப்பு. பதினேழுக்கு எட்டு மஞ்சள். இருபத்தாறுக்கு ஒன்பது பேரு வெறும் பெனால்டி. விசில் மூணுக்கும் மூணு விதமா போட்டிருக்காரு."

அவள் குதித்தாள். நடைபாதையில், தேநீர்க் கோப்பையோடு, நிஜமாகவே குதித்தாள். "அண்ணே! செத்தாங்க!"

"கொஞ்சம் இரு. நான் படத்தை மட்டும் மாத்தல." எடிட்டர் அண்ணன் தொண்டையைச் செருமினார். "சத்தத்தையும் மாத்தினேன். நாலாவதுல கூட்டம் ஓன்னு அலறும். பதினேழுல வர்ணனை செய்றவன், ஆகா என்ன அடின்னு சிரிப்பான். இருபத்தாறுல, இடிச்சவனப் பாத்து, பாவம் பையன், இவனுக்கு இது முதல் சர்வதேச ஆட்டம்னு சொல்வான். அது வேற ஆட்டத்துல இருந்து எடுத்து ஒட்டினது. டாக்கிள் ஒரு முடிகூட மாறல. பதினெட்டு வருஷமா சந்தேகம் எனக்கு. இவங்க கண்ணால பாக்கறாங்களா, காதால பாக்கறாங்களான்னு."

"காதாலயா!" அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பன்னெண்டு பேரும் காதால! இது போதும்ணே."

"இன்னொண்ணு இருக்கு." அவர் கையிலிருந்த தாளை நீட்டினார். அவளுடையது. நான்கு, சிவப்பு. பதினேழு, சிவப்பு. இருபத்தாறு, மஞ்சள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"இல்லண்ணே. இது... அவன் புதுப் பையன்னு..." என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டாள். முதல் நாள் இந்தக் கட்டடத்துக்குள் வந்து, எந்தக் கதவைத் தள்ளுவது எந்தக் கதவை இழுப்பது என்று தெரியாமல் நின்றது ஞாபகம் வந்தது. இருபத்தாறாவது ஓடியபோதும் அதுதான் வந்திருந்தது. மூன்று நொடிதான். அதற்குள் பென்சில் மஞ்சள் என்று எழுதிவிட்டது.

"உன் தாளைக் காணோம்னு வச்சுக்கலாம்" என்றார் எடிட்டர் அண்ணன், சுவரைப் பார்த்தபடி. "காகிதம்தானே. காணாமப் போறது சகஜம். நாளைக்கு வெள்ளிக்கிழமை வேற."

அவள் அந்தத் தாளை நான்காக மடித்துக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எல்லோரும் திரும்ப வந்து உட்கார்ந்ததும் அவள் முன்னால் போய் நின்றாள். பையில் இருந்த தாள் கனத்தது என்று சொல்ல முடியாது. தாள் என்ன கனக்கும். ஆனால் அது அங்கே இருப்பது தெரிந்துகொண்டே இருந்தது. திரையில் மூன்று டாக்கிளையும் வரிசையாக ஓடவிட்டாள். பிறகு இடவலம் மாற்றியதைத் திருப்பிப்போட்டு, பக்கத்தில் இழுத்ததைச் சுருக்கி, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தாள். மூன்று பேரும் ஒருவனானார்கள். ஒருவன்தான் விழுந்தான். கீழே எண்ணிக்கை வந்தது.

அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"இது மோசடி!"

"சேத்துல என்னய்யா தெரியும்!"

"மூணாவதுல அவன் கொஞ்சம் குனியற மாதிரி..."

"சார், மூணும் ஒரே ஆளு!"

"அதான் சொல்றேன், மூணாவது தடவை குனிஞ்சான்."

சத்தத்தை மாற்றிய கதையையும் அவள் சொன்னாள். அதைக் கேட்டதும் அறை இன்னும் மோசமானது. விசில் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கழுத்து சிவந்திருந்தது. அவளுக்குச் சுகமாக இருந்தது. ஆறு மாதத்து ஆத்திரம் வட்டியோடு இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது மேடம் கை தூக்கினார். "நீயும் பின்னால உக்காந்து எழுதினியேம்மா. நீ என்ன போட்டே?"

குரலில் குத்தல் இல்லை. வெறுமனே கேட்டார். அதுதான் கஷ்டம். இல்லை என்று சொல்லலாம். தாள் காணவில்லை என்று சொல்லலாம். எடிட்டர் அண்ணன் கதவோரம் நின்றுகொண்டு கூரையில் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். அவள் தாளை எடுத்தாள், பிரித்தாள், தேவைக்கு அதிகமான சத்தத்தில் படித்தாள்.

"சிவப்பு. சிவப்பு. மஞ்சள்."

பன்னிரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒருத்தர் மேசையைத் தட்டினார்.

"மூணுல ரெண்டு சரி!" என்று அவள் கத்தினாள்.

"ரெண்டு சரின்னா மூணாவது தப்புன்னுதானே அர்த்தம்" என்றார் விசில். பல் சந்தில் வெற்றி ஊதியது. "என்னம்மா ரீப்ளே, ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தே. உன் கண்ணே ஒரு நிலையில இல்ல. ஒரே டாக்கிளுக்கு ரெண்டு தீர்ப்பு எழுதற ஆளுக்கு நான் எப்படிம்மா நிரந்தரம் போட முடியும்?"

சிரித்தவர்களில் சிலர் இப்போது பென்சிலைப் பார்த்தார்கள். அவளுக்குக் கண் எரிந்தது. நானூறு விரிப்பு, அறுநூறு தலையணை உறை. பிறகு அந்த எரிச்சல் கீழே இறங்கி, வழக்கமான இடத்துக்கு வந்து, கோபமானது. கோபம் வந்ததும் தெளிவும் வந்தது.

"சரி சார்" என்றாள். "நான் போறேன். நியாயம்தான்."

விசில் இதை எதிர்பார்க்கவில்லை.

"ஆனா ஒரே தப்புக்கு ஒரே தண்டனை. ஒரே டாக்கிளுக்கு ரெண்டு தீர்ப்பு எழுதினதுக்கு நான் வெளிய போனா, எழுதின எல்லாரும் வெளிய வரணும். இந்தப் பன்னெண்டு பேர்ல மூணுக்கும் ஒண்ணே போட்டவங்க யாராவது இருக்கீங்களா? கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. மேடம் தன் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப பன்னெண்டு பேரும் வாங்க. சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஊத வேற ஆளு பாத்துக்கட்டும். சார், நீங்க மூணுக்கும் மூணு போட்டிருக்கீங்க. நீங்க எங்க எல்லாருக்கும் முன்னாடி போகணும்."

"ஏய், எங்களுக்கு அனுபவம் இருக்கும்மா!"

"விதிப் புத்தகத்துல அனுபவம் தணிப்புன்னு எந்தப் பக்கத்துல இருக்கு சார்?"

விசில் நிஜமாகவே புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அது அவருடைய நல்ல குணம்; புத்தகம் என்றால் நின்றுவிடுவார். தணிப்புப் பகுதியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். திடீரென்று குனிந்தால் என்று இருந்தது. முப்பது வருடம் என்று எங்கேயும் இல்லை.

"சிவப்புப் போட்டா சனிக்கிழமை ஆட்டமே நடக்காது" என்றார் மேடம், ஆட்டத்தில் பேசுகிற அதே குரலில். "ஒண்ணும் போடலன்னா நாம பேசினதெல்லாம் பொய். எல்லாருக்கும் மஞ்சள். பத்து நிமிஷம் வெளிய. எழுந்திரிங்க."

அவர் எழுந்துவிட்டதால் மற்றவர்களும் எழ வேண்டியதாயிற்று.

"நானுமா?" என்றார் விசில்.

"உங்களுக்குச் சிவப்பே குடுக்கலாம் சார். இன்னிக்கு விடறோம்" என்றார் மேடம்.

எடிட்டர் அண்ணன் நிறுத்துகடிகாரத்தை அழுத்தி, கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொண்டார். பதினான்கு பேர் நடைபாதைச் சுவரில் சாய்ந்து வரிசையாக நின்றார்கள். தரை துடைக்க வந்த அம்மா வாளியோடு நின்று இந்த வரிசையைப் பார்த்தாள். "என்ன சார், எல்லாரும் வீட்டுப்பாடம் செய்யலையா?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொருவரையும் கால் தூக்கச் சொல்லித் துடைத்துக்கொண்டு போனாள். ஏழாவது நிமிடத்தில் ஒருவர் நைசாகக் கதவைத் தள்ளப் பார்த்தார். உள்ளேயிருந்து "இன்னும் மூணு" என்று குரல் வந்தது.

ரீப்ளே விசிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். "சார், அந்தக் கையெழுத்து..."

"வெளிய நிக்கிறவன் ஆட்டத்துல கை வைக்கக் கூடாதும்மா." சொல்லிவிட்டு அவர் கொஞ்ச நேரம் தரையின் ஈரத்தைப் பார்த்தார். "இருபத்தாறுல எனக்கும் அந்தப் பையன் மேல பாவமாத்தான் இருந்துச்சு. அடி வாங்கினவன் யாருன்னு நான் பாக்கவே இல்ல."

"நானும் பாக்கல சார்."

பத்து நிமிடம் முடிந்தது. விசில் நேராகத் தன் அறைக்குப் போய் அந்தத் தாளை எடுத்துவந்து, எல்லோர் முன்னாலும் மேசையில் வைத்து, கையெழுத்துக்கு விட்ட இடத்துக்கு மேலே தன் கையால் ஒரு வரி சேர்த்தார். மாதம் ஒரு முறை, சத்தத்தை அணைத்துவிட்டு, இந்தத் தேர்வை இந்த ஊழியர் நடத்த வேண்டும். இவரும் எழுத வேண்டும். அப்புறம் கையெழுத்துப் போட்டார். பேனா கொஞ்சம் அழுந்தியது. அவள் தாளை வாங்கிக்கொண்டாள், நன்றி சொன்னாள், குரல் உடைந்ததை இருமலாக்கிக்கொண்டாள்.

"இப்பவே ஒரு தடவை பாக்கலாம்" என்றார் மேடம். "சத்தமில்லாம."

"பேர் போடாம" என்றார் ஒருத்தர் அவசரமாக. அதற்கு மட்டும் எல்லோரும் ஒரே குரலில் சரி என்றார்கள்.

எடிட்டர் அண்ணன் ஒலியை அணைத்தார். கூட்டம் இல்லை, வர்ணனை இல்லை, மழைகூட இல்லை. சேறு பூசிய ஒருவன் பந்தை அணைத்துக்கொண்டு ஓடிவந்தான். ஒரு தோள் வந்தது. அவன் தலை பின்னால் போய், உடம்பு தலைக்குப் பிறகு போனது. விழுவதற்கு முன்பே கைகள் பந்தை விட்டுவிட்டன. அவள் இதற்கு முன் ஏழு முறை பார்த்திருக்கிறாள். அந்தக் கைகளை இப்போதுதான் பார்த்தாள். சிவப்பு என்று எழுதி, சீட்டை மடித்துப் போட்டாள்.

பதினான்கு சீட்டு. எடிட்டர் அண்ணன் பிரித்துப் பிரித்து அடுக்கினார். பன்னிரண்டு சிவப்பு. இரண்டு மஞ்சள்.

"யாரு சார் அந்த ரெண்டு பேரு?" என்று ரீப்ளே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

பதின்மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். விசில் விதிப் புத்தகத்தைத் திறந்து, அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, திரும்பப் போடுங்க" என்றாள் அவள். "யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது."